அடுக்கில் ஒரு ஸ்விட்ச் விழுந்தால்: அறிகுறி பார்த்து மாற்றும் வழி

ஐப்பசி அடைமழையில் ஒரு காலை. கும்பகோணத்தில் உள்ள ஒரு மருத்துவமனையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே கணினிகளை நெட்வொர்க்கில் இணைக்கும் நான்கு ஸ்விட்ச் பெட்டிகள் ஸ்டாக்காக, அதாவது ஒன்றோடொன்று இணைந்த ஓர் அடுக்காக, ஓடிக்கொண்டிருந்தன. “அண்ணா, மூன்றாவது பெட்டி போய்விட்டது. கையில் வேறொன்று இருக்கிறது, மாட்டிவிடட்டுமா?” பேசிய தம்பி வேலைக்குச் சேர்ந்து நான்கு மாதம்தான். “எதையும் தொடாதே, வருகிறேன்” என்று சொல்லிவிட்டுத் தஞ்சாவூரில் பஸ் ஏறினேன். பாபநாசம் தாண்டும்போது இரண்டாவது அழைப்பு. “அண்ணா, மாட்டிவிட்டேன். இப்போது நான்குமே போய்விட்டது.”

அன்று என்ன நடந்தது என்பதைக் கீழே சொல்கிறேன். செத்த பெட்டியால் வரும் இழப்பு நாற்பத்தெட்டு போர்ட், அதாவது கேபிள் செருகும் வாய்கள். அவசரமாக மாற்றப்போய் வரும் இழப்பு மொத்தக் கட்டடம். ஸ்டாக் வேலையில் நான் பார்த்த பெரிய விபத்துகள் எல்லாம் இரண்டாவது வகைதான். அதனால் இந்தக் குறிப்பில் மாட்டுவதைவிட, மாட்டுவதற்கு முன்னால் பார்க்க வேண்டியவைதான் அதிகம்.

நான் பேசுவது சிஸ்கோ கேட்டலிஸ்ட் வகை: 3850, 9300, 2960-எக்ஸ் போன்றவை. மற்ற நிறுவனங்களின் ஸ்டாக்கிலும் அடிப்படை ஏறக்குறைய இதுவே, கட்டளைகள் மாறும். பல ஸ்விட்சுகளைப் பின்பக்கம் தனிக் கேபிளால் வளையமாக இணைக்கிறோம். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே ஸ்விட்ச்: ஒரே பெயர், ஒரே ஐபி முகவரி, ஒரே கான்ஃபிக் (எந்த போர்ட் எப்படி நடக்க வேண்டும் என்ற அமைப்பு வரிகள்). உள்ளே ஒன்று தலைமை. பழைய மாடல்களில் மாஸ்டர் என்றும் புதியவற்றில் ஆக்டிவ் என்றும் அதைச் சொல்வார்கள். ஒவ்வொரு பெட்டிக்கும் ஓர் எண் உண்டு. கான்ஃபிக் அந்த எண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, இரும்புப் பெட்டியோடு அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பாதிக் கோளாறுகள் தானாகவே புரியும்.

அறிகுறி: ஒரு பெட்டியில் விளக்கே எரியவில்லை

செத்துவிட்டது என்று எழுதுவதற்கு முன் டெஸ்டரை எடுங்கள். ரேக்கின் பின்னால் அந்தப் பெட்டி எந்தச் சாக்கெட்டில் செருகியிருக்கிறது, அந்தச் சாக்கெட் யுபிஎஸ்ஸிலிருந்து வருகிறதா, நேர் கரண்டா என்று பாருங்கள். “யுபிஎஸ் இருக்கிறது” என்று எல்லோரும் சொல்வார்கள். நான்கில் மூன்று யுபிஎஸ்ஸிலும் ஒன்று சுவர்ச் சாக்கெட்டிலும் இருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். மின்னல் அடித்த இரவுக்குப் பிறகு செத்தது அந்த ஒன்றாகத்தான் இருக்கும்.

அடுத்து, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டியின் பவர் கேபிளைப் பிடுங்கிச் சோதிக்காதீர்கள். தனியாக ஒரு கேபிள் பையில் இருக்க வேண்டும். 3850, 9300 வகைகளில் பவர் சப்ளையைத் தனியாக இழுத்து எடுக்கலாம், ஓடும்போதே மாற்றலாம். பக்கத்துப் பெட்டியில் இரண்டு பவர் சப்ளை இருந்து, ஒன்றே அதற்குப் போதும் என்றால், மற்றதைக் கழற்றி இங்கே போட்டுப் பாருங்கள். எரிந்தால் மாற்ற வேண்டியது பவர் சப்ளை மட்டும். பக்கத்துப் பெட்டி போன்களுக்கும் வைஃபை பெட்டிகளுக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் இந்த விளையாட்டு வேண்டாம். ஒரு சப்ளையில் பாரம் தாங்காமல் அங்கேயும் இணைப்புகள் விழும்.

நம் பக்கத்துக்கே உரிய சில காரணங்களும் உண்டு. மன்னார்குடி பக்கம் ஒரு நவீன அரிசி ஆலையில், குறுவை அறுவடை முடிந்து ஆலை இரவு பகலாக ஓடிய நேரத்தில், அடுக்கில் அடிப்பெட்டி அடிக்கடி அணைந்து எழுந்தது. திறந்து பார்த்தால் மின்விசிறியின் வாய் முழுக்க உமித்தூள் மெத்தை போல அடைந்திருந்தது. இந்த ஸ்விட்சுகள் சுற்றிலும் 45 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். ரேக் இருந்ததோ பாய்லருக்கு இரண்டு சுவர் தள்ளி. துடைத்து, ரேக்கை அலுவலக அறைக்கு மாற்றியதும் அதே பெட்டி இன்றுவரை ஓடுகிறது. பவர் சப்ளைக்குள் பல்லி புகுந்து கருகியதையும் பார்த்திருக்கிறேன். அது பெட்டியின் குற்றம் அன்று. காலி இடங்களில் மூடுதகடு போடாமல் விட்டவர்களின் குற்றம், அதில் நானும் உண்டு.

நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவில் வோல்ட் எவ்வளவு என்றும் அளந்துவிடுங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் காட்டினால் எர்த் குழியைப் பார்க்காமல் புதுப் பெட்டியைக் கொண்டுபோய் அங்கே வைக்காதீர்கள். மழைக்காலத்தில் குழி ஈரமாக இருந்து, சித்திரையில் காய்ந்து போகும் இடங்களில் இதே கோளாறு ஆண்டுதோறும் திரும்பும்.

அறிகுறி: விளக்கு எரிகிறது, ஸ்டாக்கில் ஆளைக் காணோம்

தலைமைப் பெட்டியில் ‘ஷோ ஸ்விட்ச்’ என்ற கட்டளை கொடுத்தால் எண் 3 எதிரே, மாடலைப் பொறுத்து, ‘ரிமூவ்ட்’ என்றோ ‘ப்ரொவிஷன்ட்’ என்றோ வரும். கூடவே ‘ஷோ ஸ்விட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ் சம்மரி’ கொடுங்கள். ஒவ்வொரு பெட்டியின் இரண்டு ஸ்டாக் போர்ட்டும் எழுந்திருக்கிறதா, பக்கத்தில் யார், கேபிள் நீளம் என்ன என்று வரிசையாகச் சொல்லும். அதே பட்டியலில் இணைப்பு எத்தனை முறை விட்டு விட்டு எழுந்தது என்ற எண்ணிக்கையும் உண்டு. அது ஒன்றிரண்டாக இல்லாமல் ஏறிக்கொண்டே போனால் சந்தேகம் கேபிளின் மேல், பெட்டியின் மேல் அல்ல.

நாகப்பட்டினத்தில் கடலுக்குப் பக்கம் ஒரு கல்லூரி. அங்கே செத்ததாகச் சொன்ன பெட்டியின் ஸ்டாக் கேபிளைக் கழற்றினேன். முனையில் உப்புக்காற்று ஏறிப் பச்சை பூத்திருந்தது. கேபிளை மட்டும் மாற்றியதும் உறுப்பினர் எழுந்து வந்துவிட்டார். கேபிளைத் திரும்பப் போடும்போது திருகை விரலால் முழுவதும் இறுக்குங்கள். பாதியில் நிற்கும் திருகு, ஆறு மாதம் கழித்து நடுராத்திரியில் உங்களை எழுப்பும்.

கேபிள் நன்றாக இருந்தால் அந்தப் பெட்டியிலேயே கன்சோல் கேபிளை, அதாவது மடிக்கணினியிலிருந்து பெட்டியோடு நேராகப் பேசும் கேபிளை, செருகிப் பாருங்கள். வேகம் 9600, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட். திரையில் குப்பை எழுத்து வந்தால் பதறாதீர்கள், வேகம் பொருந்தவில்லை. ‘ஸ்விட்ச்’ என்ற சொல்லும் முக்காற்புள்ளியும் மட்டும் வந்து நின்றால் அது மென்பொருளை ஏற்ற முடியாமல் பூட்லோடர் என்ற சிறு தொடக்க நிரலில் நிற்கிறது. ஃப்ளாஷில், அதாவது பெட்டியின் உள் சேமிப்பில், மென்பொருள் கோப்பு இருக்கிறதா என்று பார்த்துக் கையால் பூட் செய்யலாம். இல்லையென்றால் யுஎஸ்பியிலிருந்து. இப்படிப் பிழைத்த பெட்டிகள் நிறைய. திரும்பத் திரும்ப நினைவகப் பிழை காட்டி ரீபூட் ஆகிறது, அல்லது கன்சோலில் ஒரு எழுத்தும் இல்லை என்றால்தான் மாற்றுவதற்கு ஆளனுப்ப வேண்டும்.

அறிகுறி: செத்தது உறுதி, மாற்று வர மூன்று நாளாகும்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ பெட்டி வரும்வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. ஆனால் முதலில் ஓர் எச்சரிக்கை. வாய்க்காலுக்கு இரண்டு தலைப்பு இருந்தால் ஒன்று அடைத்தாலும் வயல் காயாது. ஸ்டாக் வளையமும் அப்படித்தான். ஓர் இடத்தில் அறுந்தாலும் மற்றப் பக்கமாகச் சுற்றி வரும். நான்கில் மூன்றாவது செத்த நொடியிலேயே வளையம் அறுந்துவிட்டது. மீதி 4, 1, 2 என்று ஒரே சங்கிலி. இப்போது ஓடும் பெட்டிகளுக்கு நடுவில் இன்னொரு கேபிளை யாராவது தொட்டால் ஸ்டாக் இரண்டாகப் பிளக்கும். இரண்டு துண்டுக்கும் ஒரே ஐபி, இரண்டு தலைமை. இணைப்பைச் சோதிக்கும் பிங் ஒருமுறை வரும், ஒருமுறை வராது. பார்ப்பவர் சுற்றிச் சுற்றி வேறு எங்கோ தேடுவார்.

அதனால் செத்த பெட்டியிலிருந்த இரண்டு ஸ்டாக் கேபிளில் ஒன்றை எடுத்து, இரண்டாவதையும் நான்காவதையும் நேரே இணைத்து வளையத்தை மூடிவிடுங்கள். செத்த பெட்டியின் பக்கத்து முனைகளை மட்டும் தொடுவதால் ஓடும் ஸ்டாக்குக்கு ஆபத்தில்லை. எண்கள் ரேக்கில் மேலிருந்து கீழாக வரிசையில் இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். முன்பக்கம் மோட் பொத்தானை அழுத்தி ஸ்டாக் விளக்குக்குக் கொண்டுவந்தால், எந்த எண் போர்ட் விளக்கு சிமிட்டுகிறதோ அதுதான் அந்தப் பெட்டியின் எண். பார்த்து, வெள்ளை டேப்பில் எழுதி ஒட்டுங்கள்.

பிறகு கான்ஃபிக்கை மடிக்கணினிக்கு நகலெடுங்கள். அதே பெட்டியின் ஃப்ளாஷில் வைப்பது நகல் ஆகாது. பிறகு அவசர இணைப்புகளை, மருத்துவமனையானால் ஆய்வகம், மருந்தகம், பில் போடும் இடம் என்ற வரிசையில், மற்ற பெட்டிகளின் காலி போர்ட்டுகளுக்கு மாற்றுங்கள். விலானை, அதாவது ஒரே ஸ்விட்சில் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்குகளில் அந்தப் போர்ட் எதில் சேரும் என்பதை, சரியாகப் போட மறக்க வேண்டாம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ‘செத்தது இருக்கும் இடத்தைச் சுத்தம் செய்கிறேன்’ என்று யாராவது ‘நோ ஸ்விட்ச் 3 ப்ரொவிஷன்’ என்று அடித்துவிடுவார்கள். அதோடு மூன்றாவது பெட்டியின் நாற்பத்தெட்டு போர்ட்டுக்குமான கான்ஃபிக்கும் போய்விடும். கான்ஃபிக்கில் ‘ஸ்விட்ச் 3 ப்ரொவிஷன்’ என்ற வரி இருப்பதே புதியவருக்காக நாற்காலியைப் போட்டு வைத்திருப்பது போல.

மாற்றுப் பெட்டி வந்ததும், ரேக்குக்குப் போகும் முன்

உத்தரவாதத்தில் வரும் பெட்டி பெரும்பாலும் வெறும் கூடாக வரும். பவர் சப்ளை, அப்லிங்க் மாட்யூல் (மேலே உள்ள நெட்வொர்க்கோடு இணைக்கும் துண்டு), ஸ்டாக் கேபிள் எல்லாம் பழையதிலிருந்துதான் எடுக்க வேண்டும். பழையதை முதல் நாளே திருப்பி அனுப்பிவிட்டு, நான் ஒருமுறை விழித்திருக்கிறேன்.

மேசை மேல் வைத்து, ஸ்டாக் கேபிள் இல்லாமல், தனியாகக் கரண்ட் கொடுங்கள். பார்க்க வேண்டியது நான்கு. மாடல் சரியாக அதேதானா. மென்பொருள் வெர்ஷன் ஓடும் ஸ்டாக்கோடு ஒத்திருக்கிறதா. லைசன்ஸ் நிலை ஒன்றா. எண்ணும், தலைமையைத் தேர்ந்தெடுக்க உதவும் முன்னுரிமையும் என்ன. வேறிடத்தில் ஓடிய பெட்டியென்றால் கான்ஃபிக்கை அழித்து, விலான் பட்டியல் இருக்கும் ‘விலான் டாட்’ கோப்பையும் நீக்குங்கள். ஆனால் எண்ணும் முன்னுரிமையும் கான்ஃபிக்கோடு அழிவதில்லை. அவை தனி இடத்தில் இருக்கின்றன. முன்னுரிமையை 1 ஆக்குங்கள், எண்ணை 3 ஆக மாற்றுங்கள், ரீலோட் செய்து மாறியதா என்று பாருங்கள். பிறகு கரண்டை நிறுத்துங்கள்.

ரேக்கில் பழையதைக் கழற்றும் முன் முன்பக்கத்தைப் போனில் இரண்டு படம் எடுங்கள். நாற்பத்தெட்டு கேபிளையும் பன்னிரண்டு பன்னிரண்டாகக் கட்டி வையுங்கள். வெல்க்ரோ தீர்ந்துபோன ஒரு நாள் எதிர்ப் பூக்கடையில் வாழைநார் வாங்கிக் கட்டினேன். அவிழ்க்கவும் எளிது, கேபிளையும் இறுக்கவில்லை. மல்லிகையே கசங்காத முடிச்சில் கேபிளுக்கு என்ன வந்துவிடும்.

புதியதைத் திருகி, வளையத்தை மூடியிருந்த கேபிளைப் பிரித்து, இரண்டு ஸ்டாக் கேபிளையும் பழைய இடத்தில் போட்டு இறுக்கி, எல்லாவற்றுக்கும் கடைசியில் கரண்ட். கன்சோல் தலைமைப் பெட்டியில் இருக்கட்டும். சில நிமிடம் எடுக்கும். மைக்ரோகோடு, அதாவது வன்பொருளுக்குள் ஏறும் சிறு மென்பொருள், ஏற்ற வேண்டியிருந்தால் இன்னும் கூடும். பொறுமையிழந்து கேபிளைப் பிடுங்கினால் அப்போதுதான் உண்மையிலேயே சாகும்.

அறிகுறி: புதியதை இணைத்ததும் எல்லாம் ரீபூட் ஆயின

இதுதான் கும்பகோணத்துக் கதை. தம்பி வைத்திருந்தது பக்கத்துக் கட்டடத்து ஸ்டாக்கில் முன்பு தலைமையாக இருந்த பெட்டி. கான்ஃபிக்கை ஒழுங்காகவே அழித்திருந்தார். முன்னுரிமை 15 அப்படியே இருந்தது. ஓடிக்கொண்டிருந்த ஸ்டாக்கில் எல்லாருக்கும் முன்னுரிமை 1, யாரும் மாற்றவே இல்லை. பெட்டிக்கு முதலில் கரண்ட் கொடுத்து, அது முழுதும் எழுந்த பிறகு ஸ்டாக் கேபிளைச் செருகினார்.

ஓடும் இரண்டு ஸ்டாக்குகள் சந்தித்தால் இரண்டு தலைமைக்கும் போட்டி நடக்கும். முன்னுரிமை கூடியது வெல்லும். தோற்ற பக்கம் முழுவதும் ரீலோட் ஆகி, வென்றவரின் கான்ஃபிக்கை ஏற்றுக்கொள்ளும். வென்றவரிடம் இருந்ததோ வெற்றுத்தாள். மூன்று பெட்டியும் மறுபடி எழுந்தபோது விலான் இல்லை, ஐபி இல்லை, மருத்துவமனையில் சீட்டெழுதக் காகிதம் தேடிக்கொண்டிருந்தார்கள்.

திருத்தம் இப்படி: நான்கையும் அணைக்க வேண்டும். புதியதன் ஸ்டாக் கேபிளைக் கழற்ற வேண்டும். பழைய முதலாவதை மட்டும் எழுப்பி, கான்ஃபிக் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு இல்லை; புதியவரின் வெறுமை அதற்குள் படிந்துவிட்டது. ஆடி மாதம் என் மடிக்கணினியில் எடுத்து வைத்த நகல் காப்பாற்றியது. அதற்குப் பிறகு சேர்த்த இரண்டு விலான்களை நினைவிலிருந்து எழுதினோம். கான்ஃபிக் ஏறிய பிறகு முதலாவதற்கு முன்னுரிமை 15, இரண்டாவதற்கு 14 என்று வைத்தோம். பிறகு மற்றவை ஒவ்வொன்றாக, கடைசியில் புதியது, கரண்ட் இல்லாத நிலையில் கேபிள் போட்டு.

தம்பியைத் திட்டவில்லை. கேபிள் முதலில், கரண்ட் கடைசியில் என்பதை யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. சொல்லியிருக்க வேண்டியவன் நான்.

இதன் இன்னொரு உருவம் மின்வெட்டுக்குப் பின் வரும். முழு ஸ்டாக்கும் அணைந்து எழும்போது, 3850 போன்றவற்றில், முதல் 120 நொடிக்குள் எழுந்தவை மட்டும் தேர்தலில் நிற்கும். தலைமை இடத்துக்கு நீங்கள் நினைத்த பெட்டி தனி சாக்கெட்டில் இருந்து, ஜெனரேட்டர் கரண்ட் அதற்குத் தாமதமாக வந்தால் வேறொன்று பதவியேற்கும். கான்ஃபிக் கெடாது, ஆனால் மறுநாள் யார் தலைமை என்று தெரியாமல் குழம்புவீர்கள்.

அறிகுறி: ‘வெர்ஷன் மிஸ்மேட்ச்’ என்று நிற்கிறது

மேசை வேலையைத் தாண்டிக் குதித்ததன் கூலி இது. சில மாடல்களில் தலைமையே தன் மென்பொருளைப் புதியதற்குத் தானாக ஏற்றும் வசதி உண்டு. இரண்டு பக்கமும் ‘இன்ஸ்டால்’ முறையில், அதாவது மென்பொருளைப் பிரித்து ஃப்ளாஷில் வைத்து, ஓடினால்தான் அது நடக்கும். பிரிக்காத ஒரே கோப்பிலிருந்து எழும் ‘பண்டில்’ முறையில் இருந்தால் நடக்காது. கழற்றி, மேசையில் யுஎஸ்பி வழியாக அதே வெர்ஷனை ஏற்றிக் கொண்டுவருவதே எனக்குப் பிடித்த வழி. லைசன்ஸ் வேறுபட்டாலும் இதேபோல வாசலில் நிற்கும். 3850-ஐ 9300-ஓடு சேர்க்க முயல்பவர்களுக்கு எந்த வெர்ஷனும் உதவாது, அவை ஒன்றோடொன்று ஸ்டாக் ஆகா.

அறிகுறி: ‘ரெடி’ என்கிறது, அந்தத் தளத்தில் யாருக்கும் இணைப்பில்லை

எண்ணைப் பாருங்கள். புதியது 5 என்ற பழைய எண்ணோடு வந்திருந்தால், அந்த எண் ஸ்டாக்கில் காலியாக இருப்பதால், 5 ஆகவே அமரும். நீங்கள் எழுதிய கான்ஃபிக் 3-க்குக் காத்துக்கொண்டிருக்கும். புதியதன் போர்ட்டுகள் எல்லாம் விலான் 1-இல் இருக்கும். எண்ணை 3 ஆக்கி அந்தப் பெட்டியை மட்டும் ரீலோட் செய்தால் கான்ஃபிக் வந்து ஒட்டிக்கொள்ளும். பிறகு 5-க்கான வெற்று வரியை நீக்கலாம். இங்கே நீக்கலாம், எண்ணை இருமுறை படித்துவிட்டு.

எண் சரி, ஆனாலும் போர்ட்டுகள் வெறுமையாக இருக்கின்றனவா? மாடல் மாறியிருக்கும். பழையது போன்களுக்கு மின்சாரம் கொடுக்கும் வகை, வந்தது கொடுக்காத வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றே, மாடல் பெயரில் ஓரிரு எழுத்துதான் வேறு. வகை பொருந்தாவிட்டால் ஸ்டாக் அதைச் சேர்த்துக்கொள்ளும், ஆனால் போர்ட்டுகளுக்கு ஆரம்பநிலைக் கான்ஃபிக்கைத்தான் கொடுக்கும். நகலிலிருந்து திரும்ப ஒட்டலாம். வைஃபை பெட்டிகளுக்கு மின்சாரம் மட்டும் ஒட்ட முடியாது.

அறிகுறி: சிலருக்கு மட்டும் இல்லை

கேபிள் போர்ட் மாறியிருக்கும். படத்தைப் பாருங்கள். போர்ட் செக்யூரிட்டி (குறிப்பிட்ட கருவியை மட்டும் அந்தப் போர்ட்டில் விடும் காவல்) இருக்கும் இடங்களில் ஒரு போர்ட் தள்ளிச் செருகினாலே ‘எர்-டிசேபிள்’ ஆகும், அதாவது ஸ்விட்ச் அந்தப் போர்ட்டை முடக்கிவிடும். சரியான இடத்துக்கு மாற்றி, போர்ட்டை அணைத்து எழுப்பினால் போதும்.

அறிகுறி: செத்தது தலைமை, மற்றவை ஓடினாலும் வெளியே போக முடியவில்லை

ஸ்டாக்குக்கு ஒரு மேக் முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதை அடையாளம் காட்டும் வன்பொருள் எண், உண்டு. அது தலைமைப் பெட்டியினுடையது. தலைமை செத்து இன்னொன்று ஏறும்போது, பழைய மாடல்களில் தனியாகச் சொல்லி வைக்காவிட்டால், அந்த முகவரியும் மாறும். எதிரே ஃபயர்வாலில் (வெளி நெட்வொர்க்குக்கான காவல் பெட்டியில்) மேக் முகவரியைக் கட்டி வைத்திருந்தால் எல்லாம் நன்றாக ஓடுவது போலத் தெரியும், வாசல் மட்டும் திறக்காது. அங்கே போய்ப் புது முகவரியைப் போட வேண்டும்.

மாறாமல் நிலைத்திருக்கும்படி அமைத்திருந்தால் இதற்கு நேரெதிர்த் தொல்லை. ஸ்டாக் இன்னமும் செத்த பெட்டியின் மேக் முகவரியில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அந்தப் பெட்டி பழுது பார்த்து ஒரு மாதத்தில் திரும்பி வரும். வீணாக இருக்கிறதே என்று யாராவது அதைப் பின்கட்டடத்தில், அதே நெட்வொர்க்கில் மாட்டுவார்கள். ஒரே மேக் இரண்டு இடத்தில் தெரியும். அன்றைக்கு யாருக்கும் பழைய கதை நினைவிருக்காது. ஆகவே கழற்றிய பெட்டியின் தலையில் மார்க்கரால் கழற்றிய தேதி, ஸ்டாக்கின் பெயர், ‘இந்த வளாகத்தில் மாட்டாதே’ என்ற மூன்றையும் எழுதிவிட்டுத்தான் நான் அட்டைப்பெட்டியை மூடுவேன். கும்பகோணத்துத் தம்பி இப்போது அதோடு முன்னுரிமை எண்ணையும் சேர்த்து எழுதுகிறார்.